துடைத்த பருக்கள்

ஸ்டுடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கு அவள் ‘டச்சப்பு’. மற்றவர்களுக்கு ‘டச்சப் அக்கா’. முன்கூடத்தில் முதலாளி படம் எடுப்பார். திரைச்சீலைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஊராரின் முகங்களைத் திருத்திக் கொடுப்பது பதின்மூன்று வருடங்களாக அவள் வேலை.

ஒரு நாளைக்கு நாற்பது முகமாவது வரும். பருவே இல்லாத மனிதர்கள் ஏராளமாக நடமாடுவதாக வெளியே இருப்பவர்கள் நம்பிக்கொண்டிருக்கலாம். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அந்த நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்காது. பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேருக்கு இருக்கும். முப்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்குத் தாடையோரம் இருக்கும். ஒரு நீதிபதிக்கு மூக்கு நுனியில் ஒன்றே ஒன்று, மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அழகு நிலையம் நடத்துகிற அம்மாளுக்கு நெற்றி நிறைய. எல்லோரும் முதலாளியிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “எனக்கு வழக்கமா வராதுங்க, ரெண்டு நாளாத்தான்.” அந்த இரண்டு நாள் பதின்மூன்று வருடங்களாக முடியவில்லை.

ஆகவே, பரு எவ்வளவு சர்வசாதாரணம் என்பது ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் அவள்தான். தன் முகத்தை நினைத்து அதிகம் பயந்தவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் இருப்பதுதான் தனக்கும் இருக்கிறது என்பது மூளையில் ஏறியது, கன்னம்வரை இறங்கவில்லை.

பதினாலு வயதில் ஆரம்பித்தது. “வயசுக் கோளாறு, போயிடும்” என்றார்கள். வயதுதான் போயிற்று. இருபதில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “கல்யாணமானா சரியாயிடும்” என்றார். கல்யாணமும் ஆயிற்று. நடுவில் மருந்துக் கடைக்காரர் ஒரு சின்ன ட்யூப் களிம்பு கொடுத்தார். பத்தே நாளில் முகம் பளிங்கு மாதிரி ஆனது. நிறுத்திய பத்தாம் நாள், போனதெல்லாம் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பார்க்கிறவர்களெல்லாம் “முகத்த நல்லா கழுவுறியா?” என்று கேட்டதால், தினமும் ஆறு முறை கழுவித் தோலை உரித்துக்கொண்டதும் உண்டு. அதன் பிறகு இனி யாரிடமும் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

அந்த ஒரு முடிவைக் காப்பாற்ற ஒரு முழு வாழ்க்கை தேவைப்பட்டது. வலது கன்னம் மோசம் என்பதால் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள். இடம் இல்லையென்றால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். கடையில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்க மாட்டாள். வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டு, “இங்க சிக்னல் சரியில்ல” என்பாள். தங்கையின் மூன்று வயது மகள் மடியில் ஏறி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, “பெரியம்மா, இது வலிக்குதா?” என்று கேட்ட நாளிலிருந்து ஏழு மாதமாக அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கவுண்டருக்கு வந்துவிடு என்று முதலாளி மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் ஜன்னல் இல்லாத அறையின் காற்றோட்டத்தைப் புகழ்ந்து தப்பித்தாள். தொற்று நோய்க்காக ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த காலத்தில் மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். அதற்காக வெட்கப்படவும் செய்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் எழுவதற்கு முன்பே எழுந்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, தோல் நிறத்துப் பூச்சை மூன்று அடுக்காகப் பூசிவிட்டுத்தான் வெளியே வருவாள். ஐந்து வருடமாக அவர் அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, பப்பாளி. வயித்துக்கு நல்லதாம்.”

“நேத்துதான வாங்கினீங்க?”

“நேத்தும் முக்கா மணி நேரம் ஆச்சே.”

உண்மையைச் சொல்வதைவிடப் பப்பாளி சாப்பிடுவது சுலபமாக இருந்தது.

அப்படியிருக்க, ஸ்டுடியோவிலிருந்து மூன்றாவது கட்டடத்தில் ஒரு தோல் டாக்டர் கிளினிக் திறந்தார். பரு மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்க அவருக்குப் படங்கள் வேண்டியிருந்தன. ஒரே வெளிச்சம், ஒரே தூரம். மருந்து தொடங்கும் நாள் ஒரு தடவை, இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை. வேலை ஸ்டுடியோவுக்கு வந்தது. முதலாளி திரைச்சீலைக்கு வெளியிலிருந்தே சத்தம் கொடுத்தார்:

“டச்சப்பு, டாக்டர் படத்துல டச்சப் கூடாது. அப்படியே குடுத்துடு.”

“சரி சார்.”

முதல் தவணையில் ஒன்பது பேர். அவள் சொன்னபடியே செய்தாள். யாருடைய நிறத்தையும் ஏற்றவில்லை. தாடையை ஒடுக்கவில்லை, கண்ணைப் பெரிதாக்கவில்லை, கலைந்த முடியைக்கூடக் கலைந்தபடியே விட்டாள். பருக்களை மட்டும் எடுத்தாள்.

இதை வேறு தொழில்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். அந்த அறையில் பருவை எடுப்பது டச்சப்பில் சேராது. அது லென்ஸைத் துடைப்பது மாதிரி, வேலை தொடங்கும் முன் செய்துவிடுகிற வேலை. சாப்பாட்டில் எதையும் கூடுதலாகச் சேர்க்காதே என்று சொன்னால், ஹோட்டல்காரர் தட்டைக் கழுவாமலா வைப்பார்? அவள் கையும் ஒன்பது முகங்களைக் கழுவி வைத்தது. மனசு அப்போது வேறெங்கோ, சாயங்கால பஸ்ஸின் வலது ஜன்னலில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஒன்பது பேரும் திரும்ப வந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். முதலாளி தானே எடுத்து, தானே பிரின்ட் போட்டுக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். அவருக்குப் பரு எடுக்க வராது. ஒருமுறை முயன்று, ஒரு பெரிய மனிதரின் மூக்குத் துவாரத்தில் ஒன்றை மூடிவிட்டதிலிருந்து அதைத் தொடுவதில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, முன்கூடத்தில் ஒரு பெண்ணின் குரல் ஏறியது.

“ரெண்டு படத்தையும் பெருசா போட்டுக் குடுங்க. மருந்துக்கு முன்னாடி ஒண்ணு, இப்ப ஒண்ணு. அஞ்சு மணிக்கு அந்த டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.”

“என்னம்மா விஷயம்?” இது முதலாளி.

“என் பொண்ணு முகம் சுத்தமா இருந்துச்சு சார். மாத்திரை குடுத்துக் குடுத்தே கெடுத்து வச்சிருக்காங்க. நர்ஸே ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுக் காட்டினா. இனி ஒரு மாத்திரை உள்ள போகாது.”

“எனக்கு முன்னாடியே இருந்துச்சும்மா.” இது ஒரு சின்னக் குரல்.

“படத்துல இல்லையேடி.”

“நீதானம்மா தினமும் சொல்லுவ, இது முகமா சல்லடையான்னு.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு,” என்றாள் மகள். “மருந்து எடுத்ததுல கொறையுதுன்னுதான் நினைச்சேன். திங்கக்கிழமைலேருந்து காலேஜ் போகலாம்னு இருந்தேன். இனிமே போகல.”

“ஆறு மாசமா வீட்டுக்குள்ளயே கெடக்குறா சார்,” என்று தாய் முதலாளியிடம் சொன்னாள். குரலில் முன்பிருந்த சண்டை இல்லை. “தண்ணி குடிக்கக்கூட தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் வர்றா.”

படங்களை நாலரை மணிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் இரண்டு படங்களையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் படத்தில் வழவழப்பான கன்னம். இரண்டாவதில் சிவந்த மேடுகள். உதட்டோரம் இருந்த ஒன்றை எடுக்கும்போது உதட்டின் கோடு கலைந்துபோய், மூன்று முறை திரும்பச் செய்தது ஞாபகம் வந்தது.

மற்ற எட்டுப் பேரையும் திறந்தாள். எட்டும் சுத்தம். அசல் படங்களைத் தேடினாள். திருத்தியதை அவற்றின் மேலேயே சேமித்திருந்தாள். கேமரா கார்டை முதலாளி அன்றைக்கே அழித்து மறுபடி உபயோகித்திருந்தார். எழுந்து போய் முதலாளியிடம் சொன்னாள்.

“பருவ எடுத்தியா?” அவர் புருவத்தைச் சுருக்கினார். “அது டச்சப் இல்லையே.”

“அதான் சார் நானும் நினைச்சேன்.”

இருவரும் ஒரு கணம் முழுத் தொழில் ஒற்றுமையோடு நின்றார்கள். பிறகு அவருக்கு விஷயம் உறைத்தது. திரும்பி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வாயத் திறக்காத. திரும்ப வரைஞ்சுடு. எடுக்கத் தெரிஞ்ச உனக்கு வைக்கத் தெரியாதா?”

தெரியும். அதுதான் பயமாக இருந்தது. இரண்டாவது படத்திலிருந்து ஒன்றை எடுத்து முதல் படத்தின் தாடையில் வைத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படியே ஒன்பது முகங்களையும் ஒப்பேற்றிவிடலாம். அந்தப் பொய்யைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார். அவள் அந்த ஒன்றை அழித்தாள். இரண்டு படங்களையும் இருந்தபடியே பெரிதாகப் பிரின்ட் போட்டு, உறையில் வைத்துக் கவுண்டரில் விட்டாள். முதலாளி ஒரு கைக்குழந்தையைச் சிரிக்க வைப்பதற்காகக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது வரிசையில் இரண்டாவதாகத்தான் நின்றது. முதலாவது, தோல் டாக்டரின் அறையில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்பது.

மூன்று கட்டடத் தூரத்தில் நான்கு முறை நின்றாள். வெயிலில் பூச்சு இளகி மூக்கோரம் வழிவது தெரிந்தது. துடைத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். எதிரே வந்த ஒருவர் அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் அவளுக்குப் பின்னால் இருந்த பஸ்ஸைப் பார்த்திருக்கலாம். இருபது வருடமாக அவளைத் தாண்டிப் பார்த்த எல்லோரையும் அவள் தன்னைப் பார்த்தவர்கள் கணக்கில்தான் சேர்த்திருந்தாள்.

கிளினிக் கவுண்டரில் இருந்த பெண் ரெஜிஸ்டரைத் திருப்பினாள்.

“பேஷண்ட்டா?”

“இல்ல. டாக்டரப் பாக்கணும்.”

அந்தப் பெண் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். “முதல் தடவையா?”

“பேஷண்ட் இல்லீங்க. ஸ்டுடியோலேருந்து வர்றேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தேன்னாரு. டோக்கன் இருபத்தேழு. உக்காருங்க.”

உட்கார இடம் பார்த்தாள். நடு வரிசை முழுக்கக் காலி. சுவரோர நாற்காலிகள் மட்டும் நிரம்பியிருந்தன. ஒவ்வொருவரும் ஒரு கன்னத்தைச் சுவருக்குக் கொடுத்திருந்தார்கள். சூட் போட்ட ஒருவர் செய்தித்தாளை மூக்குக்கு ஒட்டிப் பிடித்திருந்தார். ஓர் இளைஞன் அந்தப் புழுக்கத்திலும் காது வரை தொப்பியை இறக்கியிருந்தான். அவளுடைய ரகசியமான உத்திகள் அத்தனையையும் முன்பின் தெரியாத பதினைந்து பேர் செய்துகொண்டிருந்தார்கள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. நடு வரிசையில், எல்லாப் பக்கமும் தெரிய, தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

இருபத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். உள்ளே டாக்டர், அவளைவிட நாலைந்து வயது மூத்த பெண், பக்கத்தில் குறிப்பெழுதும் நர்ஸ். வட்டமான பெரிய லென்ஸைச் சுற்றி வெள்ளை விளக்கு. டாக்டரின் கை அதன் ஸ்விட்சுக்குப் போனது.

“நான் பேஷண்ட் இல்ல மேடம்,” என்று அவசரமாகச் சொன்னாள். “படம்... அந்த ஒம்போது பேர் படம். முதல் தடவை எடுத்தது. அதுல பருவ நான் எடுத்துட்டேன்.”

டாக்டரின் கை ஸ்விட்சிலேயே நின்றது. “டச்சப் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே.”

“டச்சப் பண்ணல மேடம். பருவ மட்டும்தான் எடுத்தேன்.”

அந்த வாக்கியம் வெளியில் எப்படி ஒலிக்கிறது என்பதை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அலமாரியிலிருந்து ஒன்பது ஃபைல்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். இரண்டைத் தனியே வைத்தார்.

“இந்த ரெண்டு பேருக்கும் மருந்த நிறுத்திட்டேன். நல்லா வேலை செஞ்சிட்டிருந்த மருந்து.” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “தினமும் எழுபது முகம் பாக்கறேன். இவங்களுக்குக் கொறஞ்ச மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. ஆனா என் கண்ண விட்டுட்டுப் படத்த நம்பினேன்.”

“யாருக்கு எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு மேடம். ஒவ்வொண்ணா சொல்றேன்.”

“ஞாபகத்த ஃபைல்ல ஒட்ட முடியாதும்மா.”

வெளியே குரல் கேட்டது. டோக்கன், வரிசை என்று கவுண்டர் பெண் சொன்ன எதையும் சட்டை செய்யாமல் தாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் உறை. பின்னால், தலையைக் குனிந்தபடி மகள்.

“பாருங்க,” என்று இரண்டு படங்களையும் டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது முன்னாடி. இது உங்க மாத்திரைக்கு அப்புறம்.”

டாக்டர் படங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க.”

சொன்னாள். தாய் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“ஓகோ. ஸ்டுடியோக்காரங்களையும் கைக்குள்ள போட்டுக்கிட்டீங்களா, டாக்டரம்மா?”

“இல்லம்மா, சத்தியமா நான்தான்...”

“முகத்துல இருக்கறத இல்லாமப் பண்ணிட முடியுமா? என்ன கதை விடறீங்க?”

மகள் யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல், தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி. அவள் கை அங்கேயே நின்றது.

டச்சப் அக்காவின் கழுத்தில் அவள் படம் போட்ட ஸ்டுடியோ அடையாள அட்டை தொங்கியது. அதைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேஜை ஓரத்து டப்பாவிலிருந்து ஈர டிஷ்யூ ஒன்றை இழுத்தாள். இழுத்த வேகத்தில் டப்பா கீழே விழுந்தது. நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். முதல் அடுக்கு வந்தது. இரண்டாவது வந்தது. ஐந்தாவது டிஷ்யூவில்தான் மூன்றாவது அடுக்கு முழுக்கப் போனது. கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தன் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இது போன மாசம் எடுத்த படம்,” என்றாள். “நான்தான் சுத்தம் பண்ணேன்.”

அட்டையை யாரோ விரல்களிலிருந்து உருவினார்கள். கண்ணைத் திறந்தாள். மகள் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் கையிலிருந்த முதல் படத்தை வாங்கினாள்.

“எனக்கு உதட்டோரம் ஒண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சு. எடுக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.”

“அது ரொம்ப வலிச்சுது,” என்றாள் மகள். தாயிடம் திரும்பினாள். “நான் சொன்னேன்ல? எனக்கு ஒண்ணும் புத்தி கலங்கலம்மா.”

தாய் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நீட்டுவதற்காகக் கொண்டுவந்த படங்களை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“அப்ப கொறஞ்சிருக்கா?” என்று டாக்டரைக் கேட்டாள்.

“கொறஞ்சிருக்கு. நிறுத்தாம குடுங்க.”

போகும்போது தாய், டச்சப் அக்காவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: “காலேஜுக்கு ஒரு படம் கேக்கறாங்க. இதே மாதிரி சுத்தமா எடுத்துத் தருவீங்களா?”

“அம்மா, வா,” என்றாள் மகள்.

கதவு சாத்தியதும் டச்சப் அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். பூச்சு டப்பா பைக்குள் இருந்தது. பாத்ரூம் எங்கே என்று கேட்க வாய் எடுத்தாள்.

“டோக்கன் இருபத்தேழுதான நீங்க?” என்றார் டாக்டர்.

“நான் பேஷண்ட் இல்ல மேடம்.”

“டோக்கன் வாங்கினா பேஷண்ட்தான். உக்காருங்க. உங்க மேல கோபமாத்தான் இருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது. வெளியே புதிதாக வந்தவர்கள், அதே சுவரோரமாக. அவர்களைத் தாண்டி இந்த முகத்தோடு போக வேண்டும். உள்ளே இருந்தால் அந்த விளக்கு. இரண்டில் எது குறைந்த பயம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்ய முடியாததால் உட்கார்ந்தாள்.

விளக்கு எரிந்தது. இமைக்குள்ளும் வெள்ளையாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன வருஷமா இருக்கு?”

“இருபது.”

“கடைசியா யார்கிட்ட காட்டினீங்க?”

யோசித்தாள். “தங்கச்சி பொண்ணு பாத்தா. மூணு வயசு.”

டாக்டர் சிரிக்கவில்லை. லென்ஸை நெருக்கி இறக்கி, இடது கன்னத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். பேனா முனை தொடாமல் தோலுக்கு மேலே நகர்வது தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“இடது கன்னம், பதினொண்ணு,” என்றார் நர்ஸிடம்.

“பதிமூணு,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. “காதுக்குக் கீழ ரெண்டு. முடிக்குள்ள.”

டாக்டர் முடியை ஒதுக்கிப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். நர்ஸ் பதினொன்றை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினாள்.